ஓடுவதும் ஏட்டில் இருப்பதும்: வலையமைப்புக் கருவியின் நடப்பு அமைவடிவத்தைப் படித்தல்



இலக்கியமும் இலக்கணமும் பேசப்படும் இவ்வரிசையில், ரௌட்டர் எனப்படும் திசைவியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் தமிழில் பட்டம் பெற்றவன் அல்லேன். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் வலையமைப்புத் துறையில் பணியாற்றி வருபவன். என் தொழிலில் அன்றாடம் செய்யும் ஒரு சிறு செயலைத் தமிழில் விளக்கிக் காட்டுவதே இன்றைய உரையின் நோக்கம். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கருவியிடம், “இப்போது நீ எந்த ஆணைகளின்படி நடக்கிறாய்?” என்று கட்டளை வரியில் கேட்டு, அதன் விடையைப் படிப்பதுதான் அச்செயல். சிறிய செயல்தான். அதனை ஒருமுறை செய்யாமல் விட்டதால் ஆறு பிள்ளைகளுக்கு நான் இழப்பை உண்டாக்கினேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடைப்பட்ட தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் கணினி அறைக்குத் திசைவி ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தேன். ஓர் அலுவலகத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட, ஆனால் நல்ல நிலையில் இருந்த கருவி அது. சில மாதங்களுக்குப் பின்னர் பள்ளியின் இணைய இணைப்பு மாறியது. புதிய மோடம் வந்தது. ஒரு சனிக்கிழமை சென்று, திசைவியில் இரண்டு வரிகளை மாற்றினேன். வெளியுலகை நோக்கிய முகத்தின் முகவரி 192.168.0.2 என்றிருந்ததை 192.168.1.2 ஆக்கினேன். வெளியே செல்லும் வழி 192.168.0.1 என்றிருந்ததை 192.168.1.1 ஆக்கினேன். இணையம் உடனே வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பசியாற அழைத்தார்கள்; எழுந்து சென்றுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மாலை இடியுடன் பெருமழை பெய்தது. மின்சாரம் போய், அரை மணி நேரத்தில் திரும்பியது. மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். அப்பள்ளியின் ஆறு மாணவர்கள் ஒரு மாதமாகப் பயின்றிருந்த இணையவழிப் புதிர்ப்போட்டி அன்று ஒன்பது மணிக்கு.

“தம்பி, விளக்கெல்லாம் எரிகிறது. இணையம் மட்டும் இல்லை. நேற்று மத்தியானம் வரைக்கும் ஓடியதே!”

“டீச்சர், நான் மாற்றியதை அது மறந்துவிட்டது.”

“மறக்குமா? மூன்று வாரம் நீங்கள் சொன்னபடிதானே நடந்தது?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்குத்தான் இந்த உரை முழுவதும்.

இருவகை நினைவு

ஒரு திசைவிக்குள் குறைந்தது இருவகை நினைவகங்கள் உள்ளன. ஒன்று ரேம் எனப்படும் செயல் நினைவகம். கருவி இயங்கும்போது கலந்தாலோசிப்பதெல்லாம் இதனையே. இது விரைவானது, ஆனால் மின்சாரம் நின்றவுடன் வெறுமையாகிவிடும். மற்றொன்று மின்சாரம் நின்றாலும் அழியாத சேமிப்பு நினைவகம். கருவி விழித்தெழும்போது இதிலுள்ள அமைவடிவத்தைப் படித்து, அதனைச் செயல் நினைவகத்தில் படியெடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

ஆகவே ஒரே கருவிக்கு இரண்டு அமைவடிவங்கள் உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பது நடப்பு அமைவடிவம். அடுத்த முறை விழிக்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டியது தொடக்க அமைவடிவம். சிஸ்கோ நிறுவனத்தின் கருவிகளில் இவற்றுக்கு ரன்னிங்-கான்ஃபிக் என்றும் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் என்றும் பெயர். நாம் தட்டும் ஆணை நடப்பில்தான் பதிகிறது; பதிந்த கணமே செயலுக்கும் வருகிறது. அதனைத் தொடக்கத்திற்குப் படியெடுப்பது தனிச் செயல். அந்தச் சனிக்கிழமை நான் முதலாவதைச் செய்தேன், இரண்டாவதைச் செய்யவில்லை.

ஆசிரியைக்கு இதனை நான் இவ்வாறு சொல்லவில்லை. அவர் தோட்டத்தில் வளர்ந்தவர். ஆகவே, “டீச்சர், பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

இளைய மாணவர்களுக்காகச் சிறு விளக்கம். விடியுமுன் தோட்டத் தொழிலாளர் அனைவரும் ஓரிடத்தில் கூடி நிற்க, பெயர் அழைத்து அன்றைய வேலையைப் பகிர்ந்து கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். யார் யாருக்கு எந்த வேலை என்பது கிராணியாரின் செக்ரோல் ஏட்டில் இருக்கும். ஆனால் பெரட்டில் நிற்கும்போது, ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், “நீ அவர் நிரைக்குப் போ” என்று கங்காணியார் வாய்மொழியாக மாற்றிவிடுவார். அன்றைய வேலை அந்த வாய்மொழியின்படிதான் நடக்கும். மாற்றம் ஏட்டில் ஏறாவிட்டால் அன்றைக்கு எந்தக் குறையும் தெரியாது. சம்பள நாளன்று ஏடுதான் பேசும். உழைத்தவர் கையில் குறைந்த கூலி நிற்கும்.

“புரிந்துவிட்டது தம்பி. வாயால் சொன்னீர்கள், ஏட்டில் ஏற்றவில்லை” என்றார் ஆசிரியை. இதனைவிடச் செம்மையாக நடப்பு அமைவடிவத்துக்கும் தொடக்க அமைவடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் எங்கும் கேட்டதில்லை.

கேட்கும் முறை

இனி, கருவியிடம் கேட்பது எப்படி என்று பார்ப்போம். கட்டளைகள் கருவியில் ஆங்கில எழுத்திலேயே தட்டப்படும். இங்கு ஒலிப்பின்படி சொல்கிறேன்.

முதலில் கருவியை அணுக வேண்டும். அதற்கு இரு வழிகள். அருகில் இருந்தால் கன்சோல் துளையில் கம்பியைச் செருகி மடிக்கணினியுடன் இணைக்கலாம். சிஸ்கோ கருவிகளில் இந்த இணைப்பின் இயல்பு வேகம் 9600. தொலைவில் இருந்தால் வலையமைப்பின் வழியே நுழையலாம். முன்னர் அதற்கு டெல்நெட் என்னும் முறை பயன்பட்டது. அதில் கடவுச்சொல்லும் மறைக்கப்படாமல் கம்பியில் பயணம் செய்யும். 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். முறை உரையாடல் முழுவதையும் மறைகுறியாக்கிவிடுவதால் இன்று அதுவே ஏற்கத்தக்கது. அன்று காலை வெளிவழியே அற்றுப் போயிருந்ததால் என்னால் தொலைவிலிருந்து நுழைய இயலவில்லை. மேசை இழுப்பறையில் நான் விட்டுவந்த கன்சோல் கம்பிதான் கைகொடுத்தது.

நுழைந்தவுடன் திரையில் கருவியின் பெயரும், அதனையடுத்து ‘>’ என்னும் குறியும் தோன்றும். இது பார்வையாளர் நிலை. இந்நிலையில் சிலவற்றை மட்டுமே கேட்கலாம். ‘எனேபிள்’ என்று தட்டி, உரிய கடவுச்சொல்லைக் கொடுத்தால் குறி ‘#’ ஆக மாறும். இது அதிகாரம் பெற்ற நிலை. இப்போது ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ என்று தட்ட வேண்டும். ‘ஷோ ரன்’ என்று சுருக்கித் தட்டினாலும் கருவி புரிந்துகொள்ளும்.

கருவி உடனே விடையளிப்பதில்லை. ‘பில்டிங் கான்ஃபிகரேஷன்’ என்று ஒரு வரியைக் காட்டிச் சற்றே தாமதிக்கும். எங்கோ எழுதி வைத்த கோப்பை அது எடுத்து நீட்டவில்லை. தன் செயல் நினைவகத்தில் இருப்பவற்றைத் திரட்டி, அந்த நேரத்தில் ஆணை வடிவில் எழுதிக் காட்டுகிறது. பின்னர் அமைவடிவத்தின் அளவை பைட் கணக்கில் சொல்லி, வரி வரியாக விரிக்கும். திரை நிறைந்ததும் நின்றுவிடும். இடைவெளி விசையை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும்.

விடையைப் படிக்கும் முறை

இதனைப் படிப்பது ஒரு கடிதத்தைப் படிப்பது போன்றதன்று. ஓர் ஒப்பந்தத்தைப் படிப்பது போன்றது. தொடக்கத்தில் மென்பொருளின் பதிப்பும் கருவியின் பெயரும் வரும். பின்னர் கடவுச்சொற்கள், அதன் பின்னர் ஒவ்வொரு முகத்துக்குமான ஆணைகள், அடுத்து வழிகள், இறுதியில் யார் எவ்வழியே உள்ளே நுழையலாம் என்னும் வரிகள். வியப்புக்குறி மட்டும் தனித்து நிற்கும் வரி ஒரு பகுதி முடிந்ததைக் காட்டுகிறது. ஓர் இடம் உள்தள்ளி எழுதப்பட்ட வரி, தனக்கு மேலுள்ள தலைப்பு வரியைச் சார்ந்தது. ‘நோ’ என்று தொடங்கும் வரி மறுப்பு ஆணை. ஒரு முகத்தின் கீழ் ‘ஷட்டவுன்’ என்னும் சொல் இருந்தால், அந்த முகம் வேண்டுமென்றே மூடி வைக்கப்பட்டிருக்கிறது.

நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள கருவியில் எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. கட்டளையின் பின் ஒரு செங்குத்துக் கோடிட்டு ‘இன்க்ளூட்’ என்று எழுதி ஒரு சொல்லைத் தந்தால், அச்சொல் உள்ள வரிகள் மட்டும் வரும். ‘பிகின்’ என்றால் அச்சொல் உள்ள முதல் வரியிலிருந்து காட்டும். ‘செக்ஷன்’ என்றால் அச்சொல்லைத் தலைப்பில் கொண்ட பகுதியை முழுமையாகக் காட்டும். அன்று ஆசிரியையை ‘ஷோ ரன்’ என்பதன் பின் கோடிட்டு ‘இன்க்ளூட் ஐபி ரௌட்’ என்று தட்டச் சொன்னேன். ஒரே வரி வந்தது. அதன் இறுதியில் 192.168.0.1. பழைய வழி.

“புதிய எண் என்ன தம்பி?” என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. நானும் குறித்து வைக்கவில்லை. மோடத்தைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கச் சொன்னேன். 192.168.1.1 என்று கிடைத்தது. அதற்கேற்ப முகத்தின் முகவரியை மாற்றி, வழியை மாற்றி, பழைய வழியை ‘நோ’ போட்டு நீக்கி, இணையம் திரும்பியபோது மணி ஒன்பது ஐம்பது. முதற்சுற்று முடிந்திருந்தது. ஆறு பிள்ளைகளும் அடுத்த அறையில் சீருடையுடன் அமர்ந்திருந்ததாக ஆசிரியை சொன்னார். அவர் என்னைக் குறை கூறவில்லை. “இப்போது ஏட்டில் ஏற்றுவது எப்படி? அதை முதலில் சொல்லுங்கள்” என்றார். ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’ என்று அவரே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

தடயம் இல்லாத இழப்பு

இங்கே மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. மின்சாரம் போவதற்கு முந்தைய நாள் நான் அக்கருவியில் நடப்பையும் தொடக்கத்தையும் அடுத்தடுத்துக் காட்டச் செய்திருந்தால், இரண்டு வரிகள் வேறுபடுவதைக் கண்டிருப்பேன். கடிகாரம் சரியாக அமைக்கப்பட்ட கருவியில் இன்னும் எளிய வழி உண்டு. ‘ஷோ ரன்’ விடையின் தொடக்கத்தில், அமைவடிவம் கடைசியாக மாற்றப்பட்ட நேரமும், கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரமும் தனித்தனி வரிகளாக வரும். மாற்றிய நேரம் சேமித்த நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால், ஏட்டில் ஏறாத ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆனால் மின்சாரம் போய்த் திரும்பிய பின்னர் ஒப்பிட்டால் என்ன தெரியும்? இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஏனெனில் நடப்பு என்பது இப்போது தொடக்கத்தின் படி. எதுவும் காணாமற் போனதாக எந்த வரியும் சொல்லாது. சேமிக்காதது அழியும்போது, அது இருந்தது என்னும் செய்தியும் சேர்ந்தே அழிகிறது. பார்ப்பதற்குரிய காலம் அது ஓடிக்கொண்டிருக்கும் காலமே.

அப்படியானால் ஒவ்வோர் ஆணையையும் கருவி தானே சேமித்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். சில கருவிகள் அவ்வாறே செய்கின்றன. மைக்ரோடிக் கருவிகளில் மாற்றம் உடனே நிலைபெற்றுவிடும். ‘எக்ஸ்போர்ட்’ என்னும் கட்டளை அதனை எழுத்தில் தரும். ஆயினும் இரண்டையும் பிரித்து வைத்ததில் ஒரு நன்மை உண்டு. தொலைவிலிருந்து ஒரு தவறான ஆணையைத் தட்டி, நுழைந்த வழியையே அடைத்துக்கொண்டவன், கருவியை அணைத்து ஏற்றினால் பழைய நல்ல நிலைக்குத் திரும்பலாம். பட்டறிவு உள்ளவர்கள் இடர்மிக்க மாற்றத்துக்கு முன், ‘ரீலோட் இன் 10’ என்று கட்டளையிட்டு, பத்து நிமிடத்தில் தானே மறுபடி தொடங்கும்படி கருவியை ஆயத்தப்படுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். மாற்றம் நன்றாக அமைந்தால் அதனை நீக்கிவிட்டுச் சேமிப்பார்கள்.

ஜூனிப்பர் கருவிகள் இன்னொரு முறையைக் கையாளுகின்றன. அங்கே நாம் தட்டுவது முதலில் ஒரு வரைவில்தான் சேரும். ‘கமிட்’ என்று உறுதி செய்தால்தான் அது நடப்புக்கு வரும். ‘ஷோ கான்ஃபிகரேஷன்’ என்பது உறுதி செய்யப்பட்ட அமைவடிவத்தைக் காட்டும். ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்றால், மறுபடி உறுதி செய்யாதவரை பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் தானே திரும்பும். ஹுவாவேய் கருவிகளில் ‘டிஸ்ப்ளே கரண்ட்-கான்ஃபிகரேஷன்’ நடப்பையும் ‘டிஸ்ப்ளே சேவ்டு-கான்ஃபிகரேஷன்’ சேமித்ததையும் காட்டும். இணையப் பொறியியல் பணிக்குழு 2011இல் வெளியிட்ட ஆர்.எப்.சி. 6241 என்னும் ஆவணம் நடப்பு, வரைவு, தொடக்கம் என்னும் இம்மூன்றையும் பெயரிட்டு வரையறுத்துள்ளது. சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கருத்து ஒன்றே. கருத்தைத் தாய்மொழியில் தெளிந்துகொண்ட மாணவன் எந்தக் கருவியின் முன்னும் தடுமாற மாட்டான்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது: நடப்பு அமைவடிவம் ஆணைகளைத்தான் காட்டும், நிலைமையைக் காட்டாது. ஒரு முகத்துக்கு முகவரி தரப்பட்டிருப்பதை அது சொல்லும். அந்த முகத்தில் செருகிய கம்பியை எலி கடித்திருப்பதைச் சொல்லாது. அதற்கு ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்’ முதலிய கட்டளைகள் வேண்டும். மேலும், நாம் மாற்றாமல் விட்ட இயல்பான மதிப்புகள் பலவும் அப்பட்டியலில் தோன்றா. தோன்றாததால் இல்லை என்று கொள்ளக்கூடாது.

இரண்டாவது: அந்தப் பட்டியல் ஒரு வீட்டின் திறவுகோல் கொத்துப் போன்றது. ‘எனேபிள் சீக்ரெட்’ என்று அமைத்த கடவுச்சொல் மீட்க அரிய வடிவில் தோன்றும். ஆனால் வகை 7 என்று குறிக்கப்படும் கடவுச்சொல் வெறும் திரைபோட்ட சொல்லே. அதனை நொடியில் அவிழ்த்துவிடலாம். சில கடவுச்சொற்கள் திறந்தபடியே இருக்கும். அன்று காலை அவசரத்தில், திரையைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்புமாறு ஆசிரியையிடம் நானே சொன்னேன். அவர் அதனைப் பள்ளிக் குழுவில் அனுப்பிவிட்டார். மாலையில் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதுவும் என் பிழையே. வேண்டிய வரியை மட்டும் பிரித்தெடுத்து வாசிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளிகளுக்கு நான் பரிந்துரைப்பது எளிது. கணினி அறையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், மாற்றியவர், மாற்றிய வரி, காரணம், சேமித்தாயிற்றா என்னும் ஐந்து கட்டங்கள் போதும். கடவுச்சொற்கள் நீக்கிய அமைவடிவத்தின் அச்சுப்படி ஒன்றினைத் தலைமையாசிரியர் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

கட்டளையின் மொழியும் கருத்தின் மொழியும்

இந்தக் கட்டளைகளைத் தமிழாக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அவை கருவியோடு பேசும் மொழி, குறியீடுகளுக்கு நெருக்கமானவை. ஆனால் கருவி என்ன சொல்கிறது, ஏன் சொல்கிறது என்பதை மனிதருக்கு மனிதர் விளக்கும் மொழி தமிழாக இருக்க முடியும். அமைவடிவம், நடப்பு, தொடக்கம், சேமிப்பு, முகம், வழி ஆகிய ஆறு சொற்களைக் கொண்டு, தொலைபேசி வழியாக, கருவியைத் தொட்டறியாத ஓர் ஆசிரியை அன்று ஒரு திசைவியைச் சீர்செய்தார். அவருக்கு உண்மையில் துணைநின்ற ஏழாவது சொல் பெரட்டு. அது எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கிய சொல் அன்று.

இந்நாட்டுத் தமிழர் கணினித் தமிழுக்குச் செய்த பணி சிறியதன்று. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் உலகெங்கும் தமிழர் கணினியில் எழுதத் துணைசெய்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழை எழுதவும் அனுப்பவும் வழி பிறந்துவிட்டது. அந்த வழியே எதை அனுப்பப் போகிறோம் என்பதே இன்றுள்ள வினா. தொழில்நுட்பத்தை விளக்கும் தமிழ் உரைநடை பெருக வேண்டும். அதற்குரிய உவமைகளும் சொற்களும் நம் தோட்டப்புறப் பேச்சிலேயே கிடக்கின்றன.

ஆனால் அந்தப் பேச்சு எந்த நினைவகத்தில் இருக்கிறது? மங்கு, காண்டா, ஒட்டுப்பால், நிரை, ஆயாக்கொட்டகை, சடக்கு, தவரணை ஆகிய சொற்களைச் சொன்னதும் இங்கே முன்வரிசையில் சிலர் முகம் மலர்கிறது. பின்வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள். இச்சொற்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன; நம் பாட்டன் பாட்டிமார் வாயில் நடப்பில் உள்ளன. பால்மரம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகும் இடங்களிலெல்லாம் அவற்றைத் தாங்கிய மின்சாரம் ஒவ்வொரு லயமாக நின்று வருகிறது.

எல்லைக்கு அப்பால், சிலாங்கூரில், பிராங் பெசார் என்னும் ரப்பர்த் தோட்டம் இருந்தது. 1921 முதல் அப்பெயர் பெற்ற அத்தோட்டத்தின் நிலத்தில் இன்று புத்ராஜெயா நகரம் நிற்கிறது. தோட்டம் மறைந்தது, ஆனால் அங்கே உருவாக்கிய ரப்பர் ஒட்டினம் பி.பி. 260 என்னும் பெயரோடு இன்றும் பல நாடுகளில் நடப்படுகிறது. முதலிரண்டு எழுத்துகளும் அத்தோட்டத்தின் பெயரே. அது நிலைத்ததற்குக் காரணம், யாரோ அதனைப் பதிவேட்டில் ஏற்றியதுதான். அம்மரங்களில் பால் வெட்டியவர்கள் அவற்றை என்ன பெயரிட்டு அழைத்தார்கள்? அந்த ஏடு எழுதப்படவில்லை.

எழுதியவர்களும் நம்மிடையே உண்டு. முரசு நெடுமாறன் தொகுத்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம், 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளை ஒரு நூலுக்குள் வைத்தது. செய்தித்தாளின் மூலையிலும் கையெழுத்துப் படியிலும் சிதறிக் கிடந்தவை அன்று ஏட்டில் ஏறின. கவிதைக்குச் செய்ததைத் தோட்டச் சொல்லுக்கும் செய்யலாம். அதற்குப் பெரும் புலமை தேவையில்லை. சொல், பொருள், எந்தத் தோட்டம், யார் சொன்னார், எந்த நாள் என்னும் ஐந்து கட்டங்கள் போதும். கணினி அறைக் குறிப்பேட்டுக்கு நான் சொன்ன அதே ஐந்து கட்டங்கள்தாம் ஏறக்குறைய.

ஆசிரியர்களே, ஒரு விடுமுறைப் பணியாக ஒவ்வொரு மாணவனிடமும் பத்துச் சொற்கள் கேளுங்கள். மாணவர்களே, பாட்டி வீட்டுக்குச் செல்லும்போது, “இப்போது என்ன ஓடுகிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதை இடைமறிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல தொழிலாளி கருவியை மாற்றுவதற்கு முன் அதனைக் காட்டச் சொல்லிப் படிக்கிறான். மொழிக்கும் அந்த மரியாதை உரியது. திருத்துவதற்கு முன் கேட்க வேண்டும்.

அந்தப் பள்ளிக்குச் சென்ற மாதம் மீண்டும் போயிருந்தேன். திசைவியின் மேல் ஆசிரியை ஒரு சிறு தாளை ஒட்டி வைத்திருந்தார். அதில் அவர் கையெழுத்தில் இருந்த வரி இதுதான்: “ஏட்டில் ஏற்றிவிட்டுப் பசியாறப் போகவும்.” நான் ‘ஷோ ரன்’ என்று தட்டி இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டேன். மாற்றிய நேரத்துக்குப் பின்னர்ச் சேமித்த நேரம் இருந்தது. அதன் பிறகே பசியாறப் போனேன்.